பாதியில மாறின சிவப்பு

எழுத்தோட எனக்கு எட்டாம் வகுப்பிலயே கோவம், அதால இதையும் எழுதாமல் படுத்திருப்பன். ஆனா இண்டைக்கு மெட்ரோவில பக்கத்தில நிண்டவரின்ர நனைஞ்ச கம்பளிக் கோட்டு மணத்ததும், சின்ன வயசில நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ருக்குக் கீழ, என்ர கூட்டாளி ஆசாத்தின்ர அப்பா வைச்சிருந்த கம்பளக் கடைக்குள்ள போயிட்டன். குர்து ஆக்கள் கையால நெய்த பழைய கம்பளங்கள், மாதுளைச் சிவப்பும் கடும் நீலமும் கொம்பு வளைஞ்ச ஆடுகளுமாய், அடுக்கடுக்காக் கிடக்கும். ஒண்டை விரிச்சா தொப்பெண்டு விழுந்து தூசி கிளம்பும், நானும் ஆசாத்தும் அதில உருளுவம், அவன்ர அப்பா ஏசி ஏசியே தேத்தண்ணி தருவார்.

எனக்குப் பிடிச்ச கம்பளத்தில சிவப்பு பாதியில வேற சிவப்பாகும்.

"என்னடா, சாயம் முடிஞ்சுபோச்சோ?" எண்டு பகிடி பண்ணினன்.

"இல்லையடா, பாதி நெய்யேக்க அந்தச் சனம் கூடாரத்தைக் கிளப்பிக்கொண்டு வேற இடம் போயிட்டினம். மிச்சம் போன இடத்துச் சாயம்" எண்டான் ஆசாத்.

எங்கட வீட்டுக் கதையும் உதுதானே, பாதி ஊரில, மிச்சம் மொன்றியலில.

இப்ப அந்தக் கம்பளக் கடை இருந்த இடத்தில போன் கடை. நான் விடுறதாயில்லை. அடுத்த மாசம் குடிபோற என்ர வீட்டில அந்தக் கம்பளத்தைத்தான் விரிப்பன், ஆர் வாங்கியிருந்தாலும் மொன்றியல் முழுக்கத் தேடிப் பிடிப்பன் எண்டு ஆசாத்துக்கு மெசேஜ் போட்டன்.

உடன பதில் வந்தது: "மடையா, அதை அப்பா விக்கவே இல்லை, அதில படுத்துத்தான் ரீவி பாக்கிறார், ஏலுமெண்டா வந்து எழுப்பிப் பார்."