தவிட்டுக் கஞ்சி

முதல் வாய்க் கஞ்சியை இராயப்பன் தாமே சாப்பிடுகிறார். ருசித்து, சத்தம் வர உறிஞ்சுகிறார். எஜமான் தின்பதில் பங்கு கேட்காத நாய் உண்டா? சாக்கில் படுத்திருக்கும் டைகர் வாயைத் திறக்கிறது. "அப்படித்தாண்டா தம்பி. கோவிச்சுக்கிட்டா கால் வராதுலா," என்று அடுத்த வாயை ஊட்டுகிறார். வேலைக்குப் போகும்முன் தினமும் இந்தக் கூத்துதான்.

இராயப்பனுக்கு அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. உள்ளங்கையில் நாலு மணியை உருட்டிப் பார்த்தே ரங்கூனா, சயாமா என்று சொல்லிவிடுவார். ஒரு மணி பழுப்பாகத் தெரிந்தாலும் முகம் சுளிப்பார். அப்படிப்பட்டவர் வீட்டு நாய் மட்டமான சோறு தின்னலாமா? தெரு நாய்களெல்லாம் மீன்தலைக்கு அலைய, டைகருக்கு மட்டும் வேளாவேளைக்குத் தீட்டிய வெள்ளைச் சோறு. பின்னங்கால்கள் துவண்டு விழும்வரை அந்த ராஜ உபசாரம் நடந்தது.

வெள்ளைச் சோறே தின்று கால் மரத்து வருகிற நோயாளிகளுக்கு இப்போது தவிடு போகாத அரிசிதான் கொடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் மைக்கேல் பேச்சுவாக்கில் சொன்னார். "நாய்க்கும் அது கேக்குமான்னு தெரியாதுண்ணே," என்றும் சொன்னார். இராயப்பனுக்கு முதல் பாதி போதுமாயிருந்தது. பாசாரில் சிவப்பரிசி வாங்கி, கிட்டங்கி ஆட்கள் கண்ணில் படாமல் குடைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். எதிர் வீட்டிலிருந்து பார்த்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மனைவி ஜூலியானாவுக்குப் பொறுமை போயிற்று. "எந்திரிக்காத நாய வச்சுக்கிட்டு என்ன செய்றது? முனிசிபல்காரன் வந்தா குடுத்துருங்க."

முனிசிபல்காரன் துப்பாக்கியோடுதான் வருவான். இராயப்பன் குரலை உயர்த்தவில்லை.

"நான் போட்ட சோறுதான் அது கால எடுத்துச்சு. நானே திருப்பிக் குடுக்குறேன்."

டைகர் கெஞ்சினாலும் வெள்ளைச் சோறு போடக்கூடாதென்று அடுத்த வீட்டு ருக்கையாவிடம் சொல்லிவைத்தார். "என்னண்ணே, நாய்க்கு நோன்பா?" என்று அவள் சிரித்தாள், ஆனால் போடவில்லை. கஞ்சியில் நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துப் போட்டுப் பார்த்தார். டைகர் கருவாட்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பிடிவாதத்தில் இவர் அதற்கு அண்ணன். தாமும் வெள்ளைச் சோற்றை அன்றோடு விட்டார். அதிலிருந்து இருவருக்கும் ஒரே தட்டு.

இப்படியே வாரங்கள் போயின. நேற்றுக் காலை நான் போனபோது டைகர் நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் வெடவெடவென்று ஆடின, விழவில்லை. தட்டுக்கும் மூக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அடுப்படியிலிருந்து ஓடிவந்த ஜூலியானா, "பாவங்க, கிட்ட வச்சுக் குடுங்க," என்றாள்.

இராயப்பன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை இன்னும் ஒரு சாண் பின்னால் இழுத்தார்.