எலியேசர் சாருக்கு இரண்டு போடுங்கள்

எலியேசர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அசரியா சாரைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். இது எலியேசர் சார் காதில் விழுந்தால் என்னோடு ஒரு மாதம் பேச மாட்டார். விழட்டும். அவர் பேசாமல் இருந்த மாதங்களிலும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

இருவரும் தாம்பரத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்கள். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்கள். சேலையூர் ஏரிப் பக்கம் மனை பிரித்தபோது இருவருமே வாங்கி, எங்கள் காலனியில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். அதோடு சரி, மற்றதிலெல்லாம் அசரியாதான் முந்தி. தலைமை உதவி ஆசிரியர் பதவி அவருக்குத்தான் முதலில் வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அசரியா தனியாகப் பாடுவார். எலியேசர் பின்வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுவார். அசரியா ஸ்கூட்டர் வாங்கிய வாரம், ஸ்கூட்டர் ஓட்டினால் முதுகெலும்பு தேயும் என்று எலியேசர் சைக்கிளில் இருந்தபடியே காலனி முழுக்கச் சொல்லி வந்தார்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவர் மனைவி ரத்தினபாயின் வீட்டார் முதலில் சம்பந்தம் பேச ஆள் அனுப்பியது அசரியா வீட்டுக்கு. அங்கே அதற்குள் கிருபா என்ற பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகே எலியேசர் வீட்டுக்கு ஆள் வந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஒரு ஞானஸ்நான விருந்தில், வாயில் பிரியாணியை வைத்துக்கொண்டே ஒரு உறவுக்காரர் இதைச் சொல்லிவிட்டார். எலியேசர் பாதி இலையில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வயிற்றில் எரிந்த தீ அணையவே இல்லை.

நான் தோத்தாத்ரி, அவருடைய அடுத்த வீட்டுக்காரன். கோட்டையில் குமாஸ்தா வேலை. இவர்களுடைய சர்ச்சுக்கும் போகாதவன், இவர்கள் பள்ளியிலும் வேலை பார்க்காதவன் என்பதால் காலனி நலச் சங்கத்துக்கு என்னைத்தான் தேர்தல் அதிகாரியாக வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பால்வாடிக் கொட்டகையில் கூட்டம் போட்டுச் செயலாளரைத் தேர்ந்தெடுப்போம். நான் பெயரைக் கூப்பிடுவேன். வேண்டியவர்கள் கை தூக்குவார்கள். எப்போதும் நான்கு பேர் நிற்பார்கள். அசரியா, எலியேசர், முதல் தெரு ராஜாராமன், ஏரிக்கரைச் சந்திலிருந்து தனக்கோடி. தனக்கோடி ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காலனியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே அசரியாவுக்குக் கை தூக்கும். மிச்சப் பேர் மூன்றாகப் பிரிந்து கிடப்பார்கள். ஆகவே ஐந்து வருஷமாக அசரியாவே செயலாளர். விளக்குக் கம்பம் அவர் தெருவில் முளைக்கும். கப்பி ரோடும் அவர் தெருவோடு நின்றுவிடும். ஏரிக்கரைச் சந்தில் மழைக்காலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும். அசரியா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் வாசலில் தெரியாத சேறு அவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அறுபத்தெட்டாம் வருஷக் கூட்டத்தில் ஒன்று நடந்தது. அசரியா பெயரை நான் கூப்பிட்டபோது ரத்தினபாயின் வலது கை லேசாக மேலே போனது. பாதிக்கு மேல் போகவில்லை, உடனே இறங்கிவிட்டது. நான் எண்ணிக்கையில் சேர்க்கவும் இல்லை. ஆனால் எலியேசர் பார்த்துவிட்டார். பெண்கள் பக்கம் ரத்தினபாய் கை எப்போது எழுகிறது என்று பார்ப்பதற்காகவே அவர் கூட்டத்தில் ஓரமாக உட்காருவார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஒரு மதில்தான், எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

"அவன் பேரைச் சொன்னதும் உன் கை ஏன் போச்சு?"

"ஈ உக்காந்துச்சு. ஓட்டினேன்."

"அவன் பேரைச் சொல்றப்பதான் ஈ வருமா?"

"ஈகிட்டப் போய் கேளுங்க."

அந்த ஈயைப் பற்றி ஒரு வாரம் விசாரணை நடந்தது. என் மனைவி நாகலக்ஷ்மி குழம்பு கிளறுவதை விட்டுவிட்டு மதிலோரம் நின்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சட்ட மேலவைக்கு, ஆசிரியர்கள் மட்டும் வாக்குப் போடும் ஆசிரியர் தொகுதித் தேர்தல் வந்தது. அதில் வாக்குப் போடும் முறையே வேறு. ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டு வருவதில்லை. பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று என்று எண் போட வேண்டும். எலியேசர் வாக்குப் போட்டுவிட்டு வந்தவர் வீட்டுக்குள் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"தோத்தாத்ரி சார், நம்ம சங்கத்துக்கு இதான் மருந்து. முதல்ல ஒண்ணுகளை மட்டும் எண்ணணும். யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா, இருக்கறதிலேயே கம்மியா வாங்கினவரை விலக்கணும். அவர் சீட்டெல்லாம் குப்பைக்குப் போகாது. அதுல ரெண்டு யாருக்குப் போட்டிருக்கோ அவருக்குப் போய்ச் சேரும். மூணுல ஒரு பங்கை வச்சுக்கிட்டு ஒருத்தன் அஞ்சு வருஷம் உக்காந்திருக்கறது நியாயமா சொல்லுங்க."

நியாயம் இல்லைதான். இவருக்கு நியாயத்தின்மேல் இத்தனை ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் பேச்சு சரியான பேச்சு.

பொதுக்கூட்டத்தில், பள்ளியில் குடிமையியல் வாத்தியாரான எலியேசர் கரும்பலகையையே கொண்டுவந்து நிறுத்தி விளக்கினார். கூடவே இன்னொன்றும் கேட்டார். கை தூக்குவது கூடாது, மறைவாகச் சீட்டுப் போட வேண்டும் என்றார். "நம்ம பெண்கள் புருஷன் கையைப் பார்த்துத்தான் கை தூக்கறாங்க. அவங்களுக்குன்னு மனசு கிடையாதா?" என்று அவர் கேட்டபோது பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. ரத்தினபாயும் தட்டினாள். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் வாக்கு வேண்டும் என்றார். தனக்கோடி எழுந்து நின்று, "இன்னா சார், அஞ்சு வருசமா இத யாரும் சொல்லவேயில்லயே. எங்க சந்துல பாதிப் பேரு வாடகைக்குத்தான் கீறாங்க" என்றார்.

அசரியா சிரித்தார். "எதுக்கு எலியேசர் இவ்ளோ கஷ்டம்? என்கிட்ட சொன்னா நானே விலகியிருப்பேனே." கூட்டம் சிரித்தது. எலியேசர் முகம் கறுத்துப்போனது. அசரியா விட்டுக்கொடுத்ததை வாங்கினால் அது இவருக்கு இன்னொரு முறை அவருடைய மிச்சம். தோற்கடித்து வாங்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தீர்மானம் நிறைவேறியது. எண்ணும் விதியையும் அவரே எழுதி என் கையில் கொடுத்தார்.

அடுத்த தேர்தல் புது முறையில் என்று ஆனதும் எலியேசர் வீடு வீடாகக் கிளம்பினார். இங்கேதான் மனுஷன் தன் புத்திசாலித்தனத்துக்குத் தானே பலியானார். யாரிடமும் அவர் முதல் எண்ணைக் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், முகம் கோணும் என்று கணக்குப் போட்டார். "உங்க ஒண்ணை யாருக்கு வேணும்னாலும் போடுங்க. எனக்கு ரெண்டு போடுங்க, போதும்" என்றார். முதல் தெருவில் சொன்னார், அசரியாவின் தெருவில் சொன்னார், ஏரிக்கரைச் சந்தில் சேற்றில் இறங்கிப் போய்ச் சொன்னார். தன் வீட்டு வாசலில் நின்று, பால் வாங்கப் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமான உதவியை யார் மறுப்பார்கள்?

"சார், உங்க ஆளுங்ககிட்ட மட்டுமாவது ஒண்ணு கேளுங்கோ" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"அவங்க எப்பவும் எனக்குத்தான சார் கை தூக்கறாங்க? அதைச் சொல்லித்தான் தெரியணுமா? மத்தவங்களோட ரெண்டெல்லாம் எனக்கு வந்து சேர்றப்ப அசரியா முகத்தைப் பார்க்கணும் நான்" என்றார். அவர் கண் பளபளத்தது. தலைமை உதவி ஆசிரியர் பதவி, பாட்டு, ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாளில் பதில் சொல்லிவிடப் போகிற மனுஷனின் முகம் அது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவர் ஆட்கள் யார்? அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர்கள். வாத்தியார் இரண்டு போடு என்றால் இரண்டு போடுகிறவர்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிறு. பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுப் பெட்டி செய்திருந்தோம். ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் போய் எண் போட்டுவிட்டு வரச் சொன்னோம். பெண்கள் அதற்குள் போய் நிதானமாக நின்று போட்டுவிட்டு வந்தார்கள். ரத்தினபாய் வெளியே வந்தபோது எலியேசர் அவளைப் பார்த்தார். அவள் டின்னைப் பார்த்தாள்.

எல்லோர் முன்னாலும் சீட்டுகளைக் கொட்டி, ஒன்றுகளைப் பிரித்து நான்கு குவியலாக வைத்தேன். அசரியா குவியல் பெரிது. அதற்கு அடுத்தது தனக்கோடி. ஏரிக்கரைச் சந்தே திரண்டு வந்திருந்தது. பிறகு ராஜாராமன். எலியேசர் குவியல் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு சீட்டு.

அந்த ஒற்றைச் சீட்டு யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை பாருங்க சார்" என்றார் எலியேசர். பார்த்தேன். மாறவில்லை. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால், இருப்பதிலேயே குறைவாக வாங்கியவரை விலக்க வேண்டும். அவர் கையெழுத்தில் இருந்த அவருடைய விதிப்படி அவரையே முதலில் விலக்கினேன். அடுத்தது ராஜாராமன் விலகினார். அவர் சீட்டுகளைத் திருப்பினால், வரிசையாக எலியேசருக்கு இரண்டு, எலியேசருக்கு இரண்டு. ஊரே சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் எலியேசர்தான் ஏற்கெனவே வெளியே போய்விட்டாரே? ஆகவே மூன்று யாருக்கு என்று பார்க்க வேண்டியதாயிற்று. அதில் பெரும்பாலானவை தனக்கோடிக்கு. தனக்கோடி அசரியாவைத் தாண்டி, பாதியையும் தாண்டிவிட்டார்.

அசரியா தோற்றார். எலியேசர் இத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் வந்தது, போனது. அவர் அசரியாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அசரியாதான் தனக்கோடிக்கு மாலை போட்டுவிட்டு இவரிடம் வந்து தோளில் கை வைத்தார்.

"சத்தியமா எலியேசர், நான் உனக்குத்தான் ரெண்டு போட்டேன்."

வாசல் வரைக்கும் ஆள் ஆளாக வந்து அதையே சொன்னார்கள். சார், உங்களுக்குத்தான் ரெண்டு. வாத்தியாரே, மறக்காம ரெண்டு போட்டேன். ஒவ்வொருவரும் கடமையை முடித்த திருப்தியோடு சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவரோடு வீடு வரைக்கும் நானும் நடந்தேன். தனியாக விட எனக்கு மனசில்லை. ரத்தினபாய் முன்னாலேயே வந்து வாசல் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீகூடவா?" என்றார் எலியேசர்.

"நீங்கதான இந்த வாசல்ல நின்னு எல்லாருக்கும் ரெண்டு போடச் சொன்னீங்க? நானும் அதான் போட்டேன்."

"அப்ப ஒண்ணு யாருக்கு?"

அவள் துணியை உதறி மடித்தாள். "மறைவா போடற சீட்டு, யாரும் கேக்கக் கூடாதுன்னு போர்டுல எழுதிப் போட்டீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு ஒரு வருஷம் அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முன்பு ஒரு பாதிக் கை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டார். இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒருநாள் தனக்கோடிக்கு என்பார், ஒருநாள் அவனுக்குத்தான் என்பார். ரத்தினபாய் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருப்பாள். நாகலக்ஷ்மி கிணற்றடியில் கேட்டபோதுகூடச் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாளாம். இதற்கிடையே ஏரிக்கரைச் சந்துக்குக் கால்வாய் வந்தது. ராஜாராமன் தெருவுக்கும் விளக்கு வந்தது. எலியேசர் அந்த விளக்கடியில் நடந்துபோனார், அண்ணாந்து பார்க்காமல்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் எலியேசர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சீட்டு முறை சரிப்படவில்லை, பழையபடி கை தூக்கியே தேர்ந்தெடுக்கலாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வெளிப்படையாக இருப்பதுதான் சங்கத்துக்கு அழகு என்றார். தீர்மானங்களுக்கு எங்களிடம் இன்னும் கை தூக்கும் வழக்கம்தான்.

ஆதரிப்பவர்கள் என்று கேட்டேன். எலியேசர் கை தூக்கினார். அவர் கண் பெண்கள் பக்கமே இருந்தது.

எதிர்ப்பவர்கள் என்றேன். கொட்டகையில் முதலில் எழுந்த கை ரத்தினபாயுடையது. முழுதாக நீட்டி, நான் எண்ணி முடிக்கும் வரைக்கும் இறக்காமல் வைத்திருந்தாள். அன்றைக்கு ஈ ஒன்றும் பறக்கவில்லை.