பன்னிரண்டு மாதக் காற்று

எங்கள் ஊரில் ஏழு வீடுகள் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே முடிவாகிவிட்டது. ஏழுக்கு மேலே போனால் கிணறு தாங்காது, ஐந்துக்குக் கீழே போனால் மாடு பார்க்க ஆள் போதாது என்று நான் கணக்குக் காட்டினேன். அடுப்புக்கு வேண்டிய எரிவாயுவைச் சாணத்திலிருந்து எடுப்பதாக இருந்தோம். வீட்டுக்கு மூன்று மாடு. வெளிச்சத்துக்கும் தண்ணீர் இறைப்பதற்கும் காற்றும் வெயிலும். அந்த ஊர் அப்போது வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே, பற்றை மூடிக்கிடந்த ஐந்து ஏக்கர் காணியாக இருந்தது. காணி என் தங்கையின் காலஞ்சென்ற கணவருடையது. திட்டம் போட்டது கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஐம்பத்துநான்கு படி ஏறி வரவேண்டிய என் மூன்றாம் மாடி வீட்டில்.

போர் நின்றிருந்த சில வருடங்கள் அவை. வடக்கே வன்னிக்குப் போகும் பாதை திறந்திருந்தது. எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொழும்பில் தனித்துப்போனவர்கள். அவர்களுக்கு இது ஒரு நல்ல யோசனை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற பேச்சு. போயே ஆகவேண்டும் என்று இருந்தது என் தங்கைக்கு மட்டும்தான்.

அவள் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவள். யாழ்ப்பாணமே காலியான பெரிய இடப்பெயர்வில் வீட்டை விட்டு வந்து, எட்டு வருடமாக என்னோடு இருந்தாள். என் மனைவி இறந்த பிறகு எங்கள் இருவருக்குமாகச் சமைத்தவளும் அவள்தான். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். படிவத்தில் என் பெயர் மேலே, நிரந்தரமாக வசிப்பவர். அவள் பெயர் கீழே, தற்காலிகமாகத் தங்கியிருப்பவர். பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: வந்த காரணம், திரும்பிப் போகும் நாள். எட்டு வருடத்தில் பதினொரு தடவை அந்தப் படிவத்தை நான் நிரப்பியிருக்கிறேன். பதினொரு தடவையும் அடுத்த மாதம் போவதாக எழுதினேன்.

"என்ர பேருக்கு நேர எப்பவும் போறன் எண்டுதான் கிடக்குது, அண்ணை. போறதுக்கு ஒரு இடம் வேணுமே" என்பாள்.

ஞாயிறு தோறும் வந்தவர்களில் ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருவார். மின்சாரப் பொறியியலாளர், என் பள்ளிக்கூட நண்பர். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை மின்குமிழ், எத்தனை விசிறி, எத்தனை மணித்தியாலம் என்று எழுதித் தரும்படி கேட்டார். ஒருவர் குளிர்சாதனப் பெட்டி கேட்டார். இன்னொருவர் தொலைக்காட்சிக்கு இரண்டு மணித்தியாலம், கிரிக்கெட் நடக்கும் நாட்களில் எட்டு என்று எழுதியிருந்தார். தங்கையின் கடதாசியில் ஒன்று என்று மட்டும் இருந்தது.

"ஒரு பல்ப்போ, டீச்சர்?" என்று பொறியியலாளர் கேட்டார்.

"ஒண்டு காணும். ஆனால் அதின்ர சுவிட்ச் என்ர சுவரில இருக்கவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வீட்டில் மின்சாரத்தை வீணாக்குவதாக அவளுக்குப் பின்னால் போய் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சூரியத் தகடுகள் ஏழு வீட்டுக்கும் வாங்க எங்களால் முடியாது. பாதி வேலையைக் காற்று செய்ய வேண்டும். அங்கே காற்று எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பொறியியலாளர், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மூன்று மாதம் அளந்தால் ஓரளவு ஊகிக்கலாம் என்றார். ஊகம் என்ற சொல் எனக்குப் பிடிக்காது. முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகம் ஒன்றில், ஆட்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களைச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவன் நான். பன்னிரண்டு மாதம், இடைவெளி இல்லாமல், அளந்த பிறகுதான் ஏழு குடும்பம் அசையலாம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பொறுக்கச் சொன்னால் யாருக்குத்தான் கஷ்டம்?

காற்று அளக்கும் கருவியைப் பொறியியலாளர் தன் வீட்டிலேயே செய்தார். சைக்கிள் சில்லின் நடு அச்சில் நான்கு எவர்சில்வர் கரண்டிகளைச் சிலுவைபோலப் பொருத்தி, ஒன்றுக்கு மட்டும் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார். ஒரு நிமிடத்தில் சிவப்புக் கரண்டி எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். எத்தனை சுற்றுக்கு எத்தனை மைல் வேகம் என்று கண்டுபிடிக்க, ஒரு விடியற்காலை அவருடைய பழைய காரில் காலி வீதியில் போனோம். அவர் பத்து மைல் வேகத்தில் ஓட்ட, நான் கருவியை யன்னலுக்கு வெளியே பிடிக்க, தங்கை பின் ஆசனத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். பம்பலப்பிட்டி தாண்டியதும் சோதனைச்சாவடியில் மறித்தார்கள்.

"மே மொகத்த, அங்கிள்?" இது என்ன என்று சிப்பாய் கேட்டான்.

"ஹுலங் மனின்ன, மல்லி" என்றார் பொறியியலாளர். காற்று அளக்க, தம்பி.

அவன் கரண்டிகளைப் பார்த்தான். பிறகு கடல் பக்கம் பார்த்தான். அங்கேதான் வேண்டியமட்டும் காற்று இருக்கிறதே, அளப்பானேன் என்று கேட்டான்.  அடையாள அட்டைகளை வாங்கினான். தங்கையின் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். எப்போது திரும்பிப் போவது என்ற வழக்கமான கேள்வி வந்தது. லபன மாசே, அடுத்த மாதம், என்பது அவளுடைய எட்டு வருடப் பதில். அன்றைக்கு அவள், "அவுருத்தட்ட கலின்" என்றாள். வருடப்பிறப்புக்கு முன்.

கார் நகர்ந்த பிறகு, "கேட்டனியளே அண்ணை, நாள் சொல்லிப்போட்டன். இனி உங்கட பக்கம்தான் மிச்சம்" என்றாள்.

"நீ பன்னிரண்டு மாதக் காத்தை எழுதி அனுப்பு. அடுத்த வருடப்பிறப்போட நான் வாறன்" என்றேன். அதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

சொன்னபடி போனாள். காணியின் எல்லையில், மலைநாட்டிலிருந்து கலவரத்தில் துரத்தப்பட்டு வந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பற்றை வெட்டி, ஓர் அறையும் சமைக்கக் குசினியுமாகப் போட்டுக் கொடுத்தார்கள். இருபது அடித் தடியின் உச்சியில் கருவி ஏறியது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று நாளுக்கு மூன்று தரம் எண்ணி எழுதி, மாத முடிவில் தாளைக் கொழும்புக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள். ஓரத்தில் குறிப்புகளும் இருக்கும். "மயில் தடியில் ஏறி இருந்தபடியால் இன்று காலைக் கணக்கு இல்லை." "மூன்று தரம் எண்ணினேன், மூன்று தரமும் பதினான்கு. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்." மயில் இருந்த அந்தக் காலையை என் கணக்குத் தாளில் வெற்றுக் கட்டமாக விட்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

நான்கு மாதத் தாள்கள் அப்படி வந்தன. ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றாக வந்தன. அவற்றை மேசையில் விரித்துவைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. முந்திய தாள்களில் காலை வேளைகளில் பூச்சியங்கள் இருந்தன. ஒரே எண் அடுத்தடுத்து வந்தது. காற்று அப்படித்தான். இந்த இரண்டு தாள்களிலும் ஒரு பூச்சியம்கூட இல்லை. ஒரே எண் அடுத்தடுத்து ஒரு தரமும் வரவில்லை. மூன்றிலும் ஏழிலும் முடியும் எண்கள் வேண்டுமட்டும் இருந்தன. வீடு வீடாகப் போகாமல் மரத்தடியில் இருந்தே படிவம் நிரப்புகிற ஆட்களின் கை அப்படித்தான் எழுதும். சராசரி மட்டும், எங்களுக்கு வேண்டியதற்குச் சற்று மேலே, அழகாக வந்திருந்தது.

கடிதம் எழுதினேன். பதிலாக அவள் வவுனியாவுக்கு பஸ் ஏறி வந்து, ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எடுத்தாள்.

"பிடிச்சுப்போட்டியள்" என்றாள்.

"என்ன நடந்தது?"

"தடி முறிஞ்சு விழுந்துது. திருப்பி ஏத்த ரெண்டு மாசம் எடுத்துது. ஆள் கிடைக்கேல்லை."

"அதை எழுதியிருக்கலாமே."

"எழுதினால் முதலிலயிருந்து தொடங்கு எண்டு சொல்லுவியள். உங்களை எனக்குத் தெரியாதே?"

"தொடங்கத்தான் வேணும். இடையில முறிஞ்ச கணக்கு கணக்கில்லை."

 "அண்ணை, காத்து அடிக்குதோ எண்டு நீங்களே வந்து நிண்டு பாத்தால் என்ன?" என்றாள். "இஞ்ச அடுத்த அறைக்கு அத்திவாரம் வெட்டியாச்சு."

"பன்னிரண்டு மாதம் முடியட்டும்" என்றேன்.

"ஓம். எழுதுறன்" என்றாள். வைத்துவிட்டாள்.

பொறியியலாளர் அந்த ஞாயிறு என்னோடு சண்டை பிடித்தார். அதற்குள் மற்ற வீட்டுக்காரர் எல்லோரும் வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஊர்களில் ஆட்கள் சுடப்படத் தொடங்கியிருந்த காலம்.

"ஐசே, நாலு மாசம் சரியாத்தானே இருக்கு. அந்த ரெண்டு மாசத்தை மட்டும் வாற வருஷம் அளப்பம். நீர் இப்ப போம். பாதை உம்மட பன்னிரண்டு மாசத்தைப் பாத்துக்கொண்டு இராது."

"பிழையான கணக்கை வைச்சு ஆக்களைக் கொண்டுபோய்க் காட்டில விடச் சொல்லுறீரோ?"

"ஆக்கள் எங்க? ஒரு ஆள்தானே நிக்குது அங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. அவள் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினாள். இந்த முறை வந்த தாள்கள் சுத்தமானவை. பூச்சியங்கள் இருந்தன. பங்குனியிலும் சித்திரையிலும் வரிசையாகப் பூச்சியங்கள். ஓரத்தில் ஒரு சொல்லும் இல்லை. தேதி, மூன்று எண், தேதி, மூன்று எண். நான் வருவதாகச் சொன்ன வருடப்பிறப்பு அந்தப் பூச்சியங்களுக்கு நடுவே ஒரு தேதியாகக் கடந்து போயிருந்தது. பார்த்தேன். அன்றைக்கு மாலை மட்டும் ஆறு சுற்று.

அந்த இரண்டாம் வரிசையில் ஒன்பதாவது தாள் வந்து சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் பாதையைப் பூட்டினார்கள்.

அதன் பிறகு அவளுக்கு வன்னியை விட்டு வெளியே வர அனுமதி கிடைக்கவில்லை. கேட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டு கடிதம் வந்தது. சுகம், நீங்கள் மருந்தை ஒழுங்காகப் போடுங்கள் என்று. மூன்றாவது வரவில்லை. பொறியியலாளர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். நான் வானொலியில் சண்டை நடக்கும் இடங்களின் பெயர்களைக் கேட்டு, வரைபடத்தில் காணியிலிருந்து எத்தனை மைல் என்று அடிமட்டத்தால் அளந்துகொண்டிருந்தேன். பதினெட்டு. பதினொன்று. நான்கு. பிறகு அளக்கவில்லை.

போர் முடிந்து, முகாமிலிருந்து ஆட்களை விட்ட பிறகு, எல்லையில் இருந்த குடும்பத்தின் பெண் என் விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். ஐம்பத்துநான்கு படியும் ஏறிவந்து, நிலத்தில் உட்கார்ந்தாள். நாற்காலியில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. கிழக்கே கிழக்கே என்று எல்லோரும் நடந்தபோது தங்கையும் அவர்களோடு நடந்திருக்கிறாள். தங்கிய ஏழாவது இடத்தில் அவளுக்குக் காய்ச்சல். மருந்து இல்லை. நான்காம் நாள் முடிந்துவிட்டது. ஒரு புளியமரத்தடியில் வைத்தார்களாம்.

"எந்த எடம்னு இப்ப போனா காட்டத் தெரியாதுங்க ஐயா. மரமெல்லாம் போயிருச்சு."

தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்தக் கரண்டிய அம்மா வெளிக்கிட்ட நாள் வரைக்கும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்றாள். "பாதைதான் பூட்டியாச்சே, இனி எதுக்கும்மான்னு கேட்டேன். அண்ணன் கேப்பாருன்னாங்க."

எழுதிய தாள்கள் எங்கே என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்கிறேன் என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். 

நீங்கள் போயிருந்தால் நீங்களும் போய்ச் சேர்ந்திருப்பீர்கள், நல்லகாலம் என்று இங்கே பலர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். இருக்கலாம். நான் போயிருந்தால், நிலைமை கெடுகிறது என்று கண்டு, பாதை பூட்டுவதற்கு முன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பேனோ என்பதையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்திருப்பாளோ தெரியாது. இங்கே வந்தால் மறுபடி பொலிஸ் படிவத்தின் அந்தக் கீழ்க் கட்டம்.

அந்தப் பெண் வந்து போன வாரம், கையில் இருந்த தாள்களை எடுத்துக் கணக்கை முடித்தேன். முதல் நான்கு மாதம், பிந்திய ஒன்பது மாதம், இரண்டு வருடத்திலும் அளக்காமல் போன இரண்டு மாதத்துக்கு ஆகக் குறைந்த காற்று. பொறியியலாளர் அன்றைக்குச் சொன்னதுபோல, முதல் நான்கு மாதத்தைத் தள்ளிவிடாமல் சேர்த்த கணக்கு. இரண்டு நாள் எடுத்தது. மூன்று தரம் சரிபார்த்தேன். ஏழு வீட்டுக்குப் போதாது. மூன்றாவது வீட்டுக்கே இழுபறி. இரண்டு வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

பொறியியலாளர் மாதத்துக்கு ஒருமுறை கனடாவிலிருந்து எடுப்பார். தங்கையைப் பற்றிக் கேட்க அவருக்கு நா எழாது. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, ஒரு நாள், "அந்தக் காத்துக் கணக்கு கடைசியில என்ன ஐசே சொல்லிச்சு?" என்று கேட்டார்.

"போதாது" என்றேன்.

"அப்ப நீர் சொன்னதுதான் சரி" என்றார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.