கௌபாய் படத்தில் எனக்கு ஒரு வசனம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் பாத்திரங்களைக் கழுவி வைத்ததும் வீட்டுக்கார அம்மா, நான் சிக்னோரா என்று கூப்பிடுகிறவர், டிவியைப் போடுவார். இத்தாலியில், பலேர்மோவில் அவருடைய வீட்டில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பழைய கௌபாய் படங்கள் என்றால் அவருக்கு உயிர். நான் துணி மடித்தபடி பக்கத்துக் கதிரையில் இருந்து பார்ப்பேன். என்னுடைய இத்தாலியனில் பாதி அந்தப் படங்களில் பிடித்தது, மீதி சிக்னோரா திருத்தித் திருத்தி வந்தது.

பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும். குதிரையில் வந்து இறங்குகிறவன் வெள்ளைக்காரன். அவனுக்கு வழி காட்டுகிறவன், சமைத்துப் போடுகிறவள், அவனுக்காகக் குண்டடி பட்டுச் சாகிறவள் எல்லாரும் வேறு நிறம். அந்த நிறமும் பலருக்குப் பூச்சுத்தான், கழுத்தோடு நின்றுவிடும். வாயைத் திறந்தால் குழந்தைப்பிள்ளையின் உடைந்த பேச்சு.

"இந்த மனுசிக்கு ஒழுங்கா ஒரு வசனம் குடுத்தால் என்ன குறைஞ்சு போகும்?" என்று ஒருநாள் படத்தில் சமைத்துப் போட்டவளைக் காட்டிக் கேட்டேவிட்டேன்.

சிக்னோரா என் கையைப் பிடித்து, "நீ சொல்லுறது சரி. வெக்கக்கேடு" என்றார். அன்றிலிருந்து அவர் என் பக்கம் என்று நம்பினேன்.

போன வசந்தத்தில் அவருடைய மகள் சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு சின்னக் கௌபாய் படம் எடுத்தாள். பழைய படங்கள் விட்ட பிழையைத் திருத்தப் போகிறார்களாம். கிணற்றுக்குச் சொந்தக்காரியாக நடிக்க என்னைக் கேட்டார்கள். வசனமும் தந்தார்கள்: "இந்தக் கிணறு என்னுடையது. தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டுக் குடி." கபோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும், பஸ்ஸிலும், அதை இத்தாலியனில் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். சிக்னோரா சமையலறையில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோ ஊருக்கு மேலே உள்ள கல்வெளியில் படம் பிடித்தபோது, மகள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றாக வந்தது என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பல்லரோ சந்தைக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் படத்தைக் காட்டினார்கள். மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்று கதைத்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போவது எங்களுக்குப் பழக்கமில்லை. விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்துக் கொண்டு போயிருந்தேன்.

திரையில் நான் வந்தேன். இடுப்பில் கை வைத்து, குதிரையில் வந்தவனை நேராகப் பார்த்து வாயைத் திறந்தேன். வந்தது சிக்னோராவின் குரல்.

அதுவும் என்னைப் போலப் பேசும் குரல். சொல்லின் கடைசியை விழுங்கி, இழுத்து, கெஞ்சுகிற மாதிரி. நான் வந்த புதிதில் அப்படித்தான் பேசினேன். அதை மாற்றியதே அவர்தான். மண்டபம் சிரித்தது.

பக்கத்தில் இருந்த தங்கச்சி முறையான பிள்ளை என் காதுக்குள், "அக்கா, அது உங்கடை குரல் இல்லையே" என்றாள்.

"ஓம், இல்லை" என்றேன்.

படம் முடிந்ததும் சிக்னோரா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "உன்ரை உச்சரிப்பு இப்ப எங்கடை ஆக்களின்ரை மாதிரியே இருக்குது, வெளிநாட்டுக்காரி எண்டு பாக்கிறவைக்கு விளங்காது எண்டு மகள் சொன்னாள். அதுதான் உனக்குப் பதிலா நான் பேசினனான். உன்னை மாதிரியே இருந்ததோ?"

மகள் செய்திருந்தால் ஏசிவிட்டு மறந்திருப்பேன். இவர் எனக்கு முன்னால் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்த மனுசி. ரோல்ஸ் மட்டும் நல்ல ருசி என்று எல்லாரும் சொன்னார்கள். தட்டு காலியானது.

அடுத்த நாள் மத்தியானம் வழக்கம்போல டிவியைப் போட்டார். குதிரைகள் ஓடின. நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் இண்டைக்கு ஒண்டும் கதைக்கிறாயில்லை?" என்று கேட்டார்.

"நீங்களே கதையுங்கோ, சிக்னோரா" என்றேன். "எனக்கும் சேர்த்து."