அபஸ்வரம் என்று திருத்திவிட்டார்கள்

அந்தக் கல்லூரி நிர்வாக அதிகாரியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அப்போது நான் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில், இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டுகுடாவில் வளர்ந்த காலத்தில் பியானோ கற்றிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கவும் போவேன். அப்படித்தான் பார்க்கஸ் பகுதியிலிருந்து ஒரு பாடகி என்னைத் தேடி வந்தார். நிஜாம் படைக்கு ஏமனிலிருந்து வந்த அரபுக் குடும்பம் அவருடையது. தமிழ்ப் பிள்ளைகளோடு படித்தவர் என்பதால் தமிழும் வரும். அதுவரை கல்யாண வீடுகளில் பெண்கள் நடுவே மட்டும் பாடிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கல்லூரியில் நடக்கவிருந்த நிகழ்ச்சிதான் முதல் மேடை. பியானோவோடு பாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“ஆபா, என் சுரம் உங்க பியானோல இல்லையே, கைக்கு?” என்றார். ஆபா என்றால் அக்கா, கைக்கு என்றால் ஏன்; அவர் தமிழில் எங்கள் ஊர் உருது கலந்துதான் வரும்.

பாடிக் காட்டினார். அவருடைய மூன்றாவது சுரம், நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே போய் நின்றது. நிஷாதமும் அப்படியே. பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது.

கல்லூரிப் பியானோவின் கம்பிகள் பழையவை. முறுக்கி ஏற்றினால் அறுந்துவிடும். அதனால் அந்தர காந்தாரக் கட்டைகளையும் காகலி நிஷாதக் கட்டைகளையும் கால் சுரம் இறக்குவதென்று முடிவு செய்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் பழையபடி மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தேன். அதிகாரி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். கம்பிகள் லேசில் படியவில்லை. இறக்கிவிட்டு மறுவாரம் போனால் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மூன்று ஞாயிறுகள் போராடினேன். கடைசி ஞாயிறன்று அவர் ஒரு கட்டையை அழுத்தி, கூடவே பாடிப் பார்த்து, “ஹவ், ஆமா! இதுதான் ஆபா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நிகழ்ச்சி அன்று நான்தான் வாசித்தேன். முதல் பாட்டிலேயே காந்தாரத்தில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. பியானோ ஓரிடத்தில், அவர் குரல் வேறிடத்தில். அவர் பாட்டை நிறுத்திவிட்டார். நான் எழுந்து மேடை ஓரத்துக்குப் போனேன். அதிகாரி அங்கேதான் நின்றிருந்தார்.

“காலைல ஆள் வரவழைச்சு சரி பண்ணிட்டோம் மேடம். சில கட்டையெல்லாம் ஒரே அபஸ்வரம்.”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே சார்!”

“இவ்வளவு மோசமா கேக்கும்னு யாருக்குத் தெரியும்? அவங்கள பியானோவுக்குக் கொஞ்சம் ஒத்துப் பாடச் சொல்லுங்களேன்.”

ஒத்துப் பாட வேண்டுமாம்! இதே மனிதர் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கமகத்துக்கும் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சுரங்களுக்கு நடுவே நம் வித்வான் நின்றால் நுட்பம். பார்க்கஸ்காரி நின்றால் பிழை.

“நக்கோ, வேணாம் ஆபா, விடுங்க. நான் தனியாவே பாடிடறேன்,” என்றார் பாடகி. அவரே விட்டுக்கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“பதினஞ்சு நிமிஷம் குடும்மா,” என்று பையிலிருந்து சுருதிச் சாவியை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்கப் பியானோவைத் திறந்தேன். நடு இரண்டு ஸ்தாயிகளில் நான்கு கட்டைகள், கட்டைக்கு மூன்று கம்பிகள். கூட்டத்தில் யாரோ கேலியாகக் கைதட்டினார்கள். “காலேஜ் சொத்து மேடம், தொடாதீங்க!” என்று அதிகாரி ஓடி வந்தார். பாடகி மைக்கோடு வந்து எங்கள் நடுவே நின்றுகொண்டு, “கொஞ்சம் பொறுங்க, என் சுரத்த யாரோ எடுத்துட்டாங்க, ஆபா தேடித் தராங்க,” என்று கூட்டத்திடம் உருதுவில் சொன்னார். அரங்கம் அடங்கியது.

சுருதி சேர்த்து முடித்ததும் பாடினார். நான்காவது பாட்டில் ஒரு கட்டையின் சுருதி மறுபடி மேலே ஏறத் தொடங்கியது. அதைத் தொடாமல் அந்தச் சுரத்தை அவர் குரலுக்கே விட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றிப் பியானோவைச் சேதப்படுத்தினேனாம். அதிகாரி போட்ட கையெழுத்தின் நகலை இணைத்துப் பதில் அனுப்பினேன். ஆனால் ஆண்டு மலரில், பியானோவுக்குள் குனிந்திருக்கும் என் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது: ‘நம் கல்லூரியின் புதுமை முயற்சி.’ கீழே அதிகாரிக்கு நன்றி. பாடகி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அவரைப் பல இடங்களில் கூப்பிடுகிறார்கள். அவர் போடும் நிபந்தனை ஒன்றுதான்: நான் சுருதி சேர்த்த பிறகு பியானோவைப் பூட்டி, பூட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட வேண்டும். சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.