வீரசிங்கத்தின் அளவு

ரபேல் போர்ட் கிள்ளான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நடுத்தர உயரம்தான். மணிக்கட்டு மட்டும் வேறு யாரோ பெரிய ஆளுடையதைக் கொண்டுவந்து பொருத்தியது போல இருக்கும். கல்யாணத்துக்கு மைத்துனர் போட்ட கடிகாரம் அதில் சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்தது. வார் கடைசித் துளைக்குக்கூட எட்டவில்லை. அதைப் பையில் வைத்துத்தான் பல வருடம் மணி பார்த்தார்.

1989இல் ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், கடிகாரக்கடை போட்டிருந்த அய்யாவுவின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு குரோனோகிராஃப் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் காலத்துப் பந்தயக் கார்க்காரர்கள் கட்டியதைப் பார்த்துச் செய்த காப்பி. அசலைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு முகத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள். பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் நீண்ட விநாடி முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும்.

கட்டிப் பார்த்தார். ஓரங்கள் மணிக்கட்டைத் தாண்டவில்லை, நடுவில் தொலைந்தும் போகவில்லை. இரும்புச் செயின் இறுக்கவும் இல்லை, சறுக்கவும் இல்லை.

“செயின்ல கண்ணி கூட்ட வேணாமா?”

“ஏற்கெனவே கூட்டினதுதான் அண்ணே. ஒருத்தர் அளவு குடுத்துச் செய்யச் சொன்னாரு. வாங்க வரல.”

அதை வாங்கிக் கட்டி ஒரு வாரம் கழித்து, அவர் குளிக்கப் போகும்போது மனைவி சாந்தமேரி கையைப் பிடித்துப் பார்த்தாள். கடிகாரம் இருந்த இடத்தில் தோல் பட்டையாக வெளுத்திருந்தது.

“இருவது வருசம் கட்டின மாதிரி இருக்குங்க. ஒரு வாரத்துல இப்படி ஆகுமா?”

நீண்ட முள் தானாக ஓடத் தொடங்கியிருந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது அய்யாவு சிரித்தார். “உங்க கை பெருசு லா. மடக்கறப்ப புறங்கை பொத்தான அமுக்குது.” அது சரியாகத்தான் பட்டது. ஆனால் மறுநாள் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தபோதும் முள் ஓடியது. ரபேல் திரும்பிப் போய், அளவு கொடுத்தவர் யார் என்று கேட்டார். வீரசிங்கம், ரயில்வே ஆபீசில் ஓய்வு பெற்றவர், பின்தெருவில் வீடு என்றார் அய்யாவு.

அந்த வீட்டுக் கதவைத் திறந்தது வீரசிங்கத்தின் மனைவி குணபூசணி. ரபேலின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார். ரபேல் வந்த காரணத்தைச் சொன்னார்.

“அவர் போய் மூன்று மாதம், தம்பி. வந்து இருங்கோ.”

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியில் தேய்ந்து பளபளத்த ஒரு பள்ளம். கடிகாரம் கட்டிய ரபேலின் இடது மணிக்கட்டு தானாக அதற்குள் போய்ப் படிந்தது. தூக்கப் பார்த்தார், வரவில்லை. வலி இல்லை. தூங்கும் வேறு ஒருவரின் கை போலக் கனத்தது.

“அவருக்கு இதய வருத்தம். நான்தான் தினமும் நாடி பார்ப்பன். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் எனக்கு வடிவாகத் தெரியாது. அதுதான் இப்படி ஒன்று செய்விக்கப் போனவர்.” கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: “அவர் போன நேரம் நான் கோவிலில.”

குணபூசணி பக்கத்தில் உட்கார்ந்து, செயினுக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார். மற்றக் கையால் பொத்தானை அமுக்கினார். முள் ஓடியது.

ரபேலின் நெஞ்சு படபடத்தது. காதுக்குள்கூட அந்தச் சத்தம் கேட்டது. ஆனால் அந்த விரல்களுக்கு அடியில் துடித்தது வேறு. மெதுவாக, நடுநடுவே விட்டு விட்டு, களைத்துப்போய்த் துடித்தது. இரண்டையும் அவர் ஒரே உடம்பில் உணர்ந்தார்.

அந்தத் துடிப்பு இன்னும் தளர்ந்தது. ஒருமுறை துடித்தது. வெகு நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு இல்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

குணபூசணி விரலை எடுக்காமல் இருந்தார். முள்ளை நிறுத்திவிட்டு, “இந்த முறை நான் பக்கத்தில இருந்தனான்,” என்றார், ரபேலிடம் அல்ல.

கை லேசாயிற்று. ரபேல் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். குணபூசணி வாங்கவில்லை.

“உங்களுக்குத்தான் அளவாயிருக்கு. கட்டுங்கோ.”

அதன் பிறகு அந்த முள் தானாக ஓடியதில்லை. வெளுத்த பட்டை மழைக்காலம் முடிவதற்குள் மங்கிப்போனது. ரபேல் அந்தக் கடிகாரத்தை வேலைக்கும் பூசைக்கும் கட்டிப் போனார்; பார்த்தவர்கள் எடுப்பாக இருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நாடி பார்க்க வந்தால் மட்டும் வலது கையைத்தான் கொடுப்பார்.