கையில் கொடுத்த கத்தி

அப்பாவிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மான்கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். மடக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு அவர் முகத்தில் வரும் சிரிப்பு, பிள்ளைகள் நாங்கள் பரீட்சையில் ஜெயித்து வந்தபோதுகூட வந்ததில்லை. வேட்டி மடியில் கத்தி இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டார். அங்கே வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல. ஆனா இருக்கணும்” என்பார். ஒருநாள் அம்மா பொறுமை இழந்து கேட்டுவிட்டாள்: “அந்தப் பிச்சாத்தியையே கெட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கெட்டினிய?” அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனையை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

பாறசாலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் மரச்சீனிக் கிழங்கு வேகவைக்க வீட்டுக்கு ஓடுவோம். ஆண்கள் வேதக்கோயிலுக்கு வெளியே அயினி மரத்தடியில் கூடுவார்கள். பிரசங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆளாளுக்கு மடியிலிருந்து கத்தியை எடுப்பார்கள். அம்பூரியில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர், ஒட்டுக் கட்டும் கத்தியோடு வருவார். உபதேசியாரிடம் சுண்டுவிரல் அளவில் ஒரு பேனாக்கத்தி உண்டு. பென்சில் சீவத்தான் என்று சொல்லிக்கொள்வார், ஆனால் அவர் பென்சிலால் எழுதி யாரும் பார்த்ததில்லை. மாங்காய்த் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவுவது ஒரு போட்டி. முன்கை ரோமத்தை மழித்துக் காட்டுவது இன்னொரு போட்டி. அதனால் எங்கள் ஊர் ஆண்களின் இடது கை வழுவழுவென்றிருக்கும். வெளியூர்க்காரர்கள் ஏதோ வியாதி என்று நினைத்திருக்கலாம்.

இவர்களில் அப்பாவுக்கு ஈடு கொடுத்தவர் பக்கத்து வீட்டு மாமா ஒருவர்தான். அவருடையது இரட்டை அலகுச் சீமைக் கத்தி. இரண்டு பேரும் ஒருவர் கத்தியை மற்றவர் வாங்கிப் பார்த்து, கட்டைவிரலால் தடவி, குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பதிலேயே ஒரு பகல் போய்விடும். கொடுப்பது என்றால் கையில் இல்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தரையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் அத்தனை பேரும் குனிந்து நிமிர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஜெபக்கூட்டம் என்றே தோன்றும்.

அது திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளுக்காக நடந்த எல்லைப் போராட்டக் காலம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மதராஸோடு சேர வேண்டும் என்று அப்பா கூட்டங்களுக்குப் போவார். மாமாவும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். ஆனால் அவர் மக்களின் ஜோலி எல்லாம் திருவனந்தபுரம் பக்கம். “மதராஸ் எவ்விடக் கிடக்குது? எனக்கு ஒரு பேப்பர்ல ஒப்பு வாங்க அவ்வளவு தூரம் போகணுமா ஓய்?” என்பார். இப்படி முட்டிக்கொண்டிருந்த இவர்கள்தான் எனக்கும் மாமாவின் இளைய மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவர் பாலராமபுரத்தில் ஒரு நூல்கடையில் வேலை பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை வெளியே சொல்லக்கூடாத காலம் என்பதால் வீட்டிலிருந்த பாத்திரங்களை அடிக்கடி சந்தோஷமாகத் துலக்கினேன்.

எங்கள் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஓலையைக் கோயிலில் வாசிக்க இருந்த சமயம், அயினி மரத்தடிக்குப் போலீஸ் வண்டி வந்தது. கூட்டத்துக்குப் போகிறவர்களைச் சோதித்து, கத்தி இருந்தால் பிடித்துப்போகிறார்கள் என்று பேச்சு. அப்பாவின் மடியிலோ மான்கொம்பு. மாமாவை யாரும் தொடமாட்டார்கள், அவர் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். அப்பா பதற்றத்தில் கத்தியை எடுத்து மாமாவின் கையில் திணித்தார். மாமா வாங்கி மடியில் செருகிக்கொண்டார். போலீஸ்காரர்கள் அப்பாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் நடந்தது உறைத்தது.

“ஓய், கையிலயா தந்தீரு?” என்றார் மாமா.

“நீரு எதுக்கு ஓய் கையில வாங்கினீரு?” என்றார் அப்பா.

அன்றைக்குச் சாயங்காலமே சண்டை வந்துவிட்டது. எங்கள் பிலா மரத்திலிருந்து பழுத்த சக்கை ஒன்று மாமா வீட்டுப் பறம்பில் விழுந்ததுதான் தொடக்கம். அது வருஷாவருஷம் விழுவது. சக்கையில் ஆரம்பித்து மதராஸ், திருவனந்தபுரம் என்று போய், கடைசியில் ஒருவர் தாத்தாவை மற்றவர் இழுப்பதில் நின்றது. எல்லையை இவர்கள் குறை சொல்லவே இல்லை. எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான் காரணமாம்.

சரி, கத்தியைத் தரையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் தோஷம் தீரும். எந்தத் தரையில்? “என் முற்றத்துல கொண்டு வைக்கட்டு” என்றார் அப்பா. “வேணும்னா என் முற்றத்துல வந்து எடுக்கட்டு” என்றார் மாமா. நடுவில் இருக்கும் கய்யாலை மேல் வைக்கலாம் என்று உபதேசியார் யோசனை சொன்னார். அந்த மண்சுவர் யாருடைய மண் என்று அதற்கு ஒரு சண்டை. தில்லியில் பெரிய மனிதர்கள் தேசப்படத்தை விரித்து வைத்துத் திணறிய அதே வேலையை இவர்கள் ஒரு கய்யாலையில் செய்துகொண்டிருந்தார்கள்.

கத்தி வராமல் ஓலை வாசிக்கக்கூடாது என்றார் அப்பா. அவர் வராமல் கத்தி இல்லை என்றார் மாமா. மாப்பிள்ளையோ நல்ல மனுஷன், கிணற்றடியில் என்னைப் பார்த்து, “எல்லாம் சரியாகும்” என்றார். அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன ஒரே ஆலோசனை அதுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பாத்திரங்கள் நசுங்கின. இரண்டு கிழவர்களின் விளையாட்டுச் சாமானுக்காக நான் கன்னியாக இருக்க வேண்டுமா? கய்யாலை ஏறிக் குதித்து நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தன்னுடையதற்கு இல்லை, அப்பாவின் மான்கொம்புக்கு. பார்த்ததும் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

“தாருங்க மாமா.”

அவர் தரையில் வைக்கக் குனிந்தார்.

“அங்க வேண்டாம். கையில.”

“மக்கா, வேண்டாம். உனக்கும் எனக்கும் சண்டை வரும்.”

“மருமவளா வந்தா எப்படியும் வரத்தானே போவுது? இப்பமே வந்திட்டுப் போட்டு.”

மாமா கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். நான் வந்து அதை அப்பாவின் கையிலும் அப்படியே கொடுத்தேன். “உங்ககூட சண்டை ஏற்கெனவே உண்டு” என்றேன். அப்பா வாங்கி, ‘டக்’ என்று மடக்கி மடியில் செருகிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. சம்பந்திகள் பந்தியின் இரு கோடியில் உட்கார்ந்தார்கள், பேசவில்லை. எனக்கும் மாமாவுக்கும் சொன்னபடியே சண்டை வந்தது. குழம்பில் புளி, துணி காயப்போடும் கொடி என்று நித்தமும் ஒன்று. குறை வைக்கவில்லை.

பிறகு எல்லை தீர்மானமாயிற்று. தெற்கே நாலு தாலூகா மதராஸோடு, எங்கள் பக்கம் கேரளத்தோடு. மாமா ஜெயித்துவிட்டார். அவர் கட்சிக்காரர்கள் ரோட்டில் வெடி போட்டார்கள். மாமா போகவில்லை. கய்யாலைக்கு அப்பால் அப்பா சாப்பிடாமல் முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் இரட்டை அலகுக் கத்தியை எடுத்துக்கொண்டு, அந்த வயசான உடம்போடு கய்யாலை ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே போனேன்.

அப்பாவுக்கு முன்னால் கத்தியைத் தரையில் வைத்தார். அவர் உயிரையே வைத்திருந்த கத்தி அது. அப்பா அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. கையை நீட்டினார்.

“கையில தாரும் ஓய். இனி நமக்குள்ள வாறதுக்கு என்ன சண்டையாக்கும் பாக்கி?”

மாமா குனிந்து எடுத்து, கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அலகை விரித்துக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“இந்த மழுங்கல் பிச்சாத்தியை வச்சிட்டாக்கும் நீங்க ஜெயிச்சிய?”

“மழுங்கலா? எலே, யாருக்க கத்திய மழுங்கல்னு சொல்லுத?”

விளக்கு வைக்கும்வரை கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் கட்டஞ்சாயா போட்டேன்.